ஓக் மரத் தரைக்கு எந்த ஃபினிஷ்? ஆயில் பாலி, வாட்டர் பாலி, ஹார்ட்வாக்ஸ் ஆயில்

டொரண்டோவுல ஸ்கார்பரோ, எட்டோபிகோ மாதிரி ஏரியால 1950, 60கள்ல கட்டின வீடு வாங்கினவங்க நிறைய பேர் ஒரே இடத்துல வந்து மாட்டிக்கறாங்க. பழைய கார்ப்பெட்டைப் பிச்சு எடுத்தா அடியில அருமையான ஓக் தரை இருக்கு, சேண்டிங் பண்ண, அதாவது மெஷின் போட்டு மேல் மரத்தைச் சுரண்டி எடுக்க, ஆளும் பாத்தாச்சு, அவர் வந்து "ஆயில் பேஸ்டா வாட்டர் பேஸ்டா"ன்னு ஃபினிஷைப் பத்தி, அதாவது மரத்துக்குப் போடற காப்புப் பூச்சைப் பத்திக் கேக்கறார் (பாலியூரித்தேன், சுருக்கமா பாலி, ரெண்டு வகையிலயும் வரும்), யூட்யூப்ல பாத்தா ஹார்ட்வாக்ஸ் ஆயில்ங்கற எண்ணெய்-மெழுகுக் கலவை தான் எல்லாத்தையும் விட ஒசத்தின்னு ஒருத்தர் சொல்றார், கடைக்காரர் இது எல்லாத்துக்கும் முன்னாடி தனியா சீலர்ங்கற அடிப்பூச்சு வாங்கணும்ங்கறார். எதைத்தான் நம்பறது?

பெரும்பாலும் எல்லாரும் தேடறது "எது ரொம்ப வருஷம் உழைக்கும்"ங்கறதைத்தான். அந்தக் கேள்வி தப்பில்ல, ஆனா அது ரெண்டாவதா கேக்க வேண்டியது. எந்த ஃபினிஷா இருந்தாலும் வாசல் பக்கமும் கிச்சன் சிங்க்குக்கு முன்னாடியும் ஒரு நாள் தேயத்தான் போகுது. தேஞ்சா அதை எப்படிச் சரி பண்ணுவீங்க, அதுக்கு வீட்டைக் காலி பண்ணணுமா, திரும்ப மரத்தைச் சுரண்டணுமா, இதை முதல்ல யோசிச்சீங்கன்னா பாதி முடிவு தானா வந்துடும். ஏன்னா ஃபினிஷை எத்தனை தடவை வேணா வாங்கலாம், மரம் அப்படியில்ல, ஒவ்வொரு முழு சேண்டிங்லயும் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர்லேர்ந்து ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் போயிடும், போனது போனதுதான்.

## முதல்ல உங்க மரத்தைப் பாருங்க

தரையில ஹீட்டர் காத்து வர்ற வென்ட் மூடி இருக்கும், அதைக் கழட்டிப் பாத்தா பலகையோட வெட்டின விளிம்பு தெரியும். முக்கால் இஞ்ச், அதாவது 19 மில்லிமீட்டர் முழு மரமா இருந்தா நிம்மதி, பலகைகள் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கற அந்த நாக்குக்கு மேல 6லேர்ந்து 8 மில்லிமீட்டர் வரைக்கும் மரம் இருக்கும், வீட்டோட ஆயுசுல நாலஞ்சு தடவை சேண்ட் பண்ணலாம். ஆனா ஏற்கனவே ரெண்டு மூணு தடவை பண்ணின வீடா இருந்தா ஆணித்தலை எங்கயாவது வெளிய தெரியும், பலகை ஓரம் மெலிஞ்சு விரிசல் விட்டிருக்கும், அப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். எஞ்சினியர்டு தரைன்னா, அதாவது ஒட்டுப்பலகை மேல ஓக் ஒட்டினதுன்னா, மேல இருக்கற ஓக் 2லேர்ந்து 4 மில்லிமீட்டர்தான், ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல தாங்காது. சில விலை கம்மியான எஞ்சினியர்டு பலகைல மேல் ஓக் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, அதை மெஷின் போட்டு சேண்ட் பண்ண நினைக்கவே நினைக்காதீங்க.

அடுத்தது ரெட் ஓக்கா வொயிட் ஓக்கான்னு பாக்கணும். கடினத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, மரத்தோட கடினத்தை அளக்கற ஜங்கா அளவுல ரெட் ஓக் 1290, வொயிட் ஓக் 1360. ஃபினிஷுக்கு முக்கியமானது துளை. ரெட் ஓக்ல துளையெல்லாம் திறந்தே இருக்கும், ஒரு சின்னத் துண்டை வெட்டி ஒரு முனையில சோப்புத் தண்ணி தடவி இன்னொரு முனையில ஊதினா நுரை வரும். வொயிட் ஓக்ல அந்தத் துளைகளை மரமே அடைச்சு வெச்சிருக்கும், விஸ்கி பீப்பாய் அதுல செய்யறதே அதனாலதான். ரெட் ஓக் இளஞ்சிவப்பா இருக்கும், வொயிட் ஓக் கொஞ்சம் பழுப்பா மண் நிறத்துல இருக்கும், வட அமெரிக்கால அந்தக் காலத்து வீடுகள்ல பெரும்பாலும் ரெட் ஓக்தான் பாக்கலாம்.

ரெண்டுலயும் டேனின்ங்கற துவர்ப்புச் சத்து இருக்கு, வொயிட் ஓக்ல கூடுதல். டேனினும் இரும்பும் தண்ணியும் சேந்தா கறுப்புக் கறை விழும். குளிர் காலத்துல நம்ம ஆளுங்க கறிவேப்பிலைத் தொட்டி, துளசித் தொட்டி எல்லாம் உள்ள கொண்டு வந்து வெப்போம் இல்ல, அதுவும் இரும்பு ஸ்டாண்டு மேல, அடியில தண்ணி கசிஞ்சு ஏப்ரல்ல தூக்கிப் பாத்தா கறுப்பா ஒரு வளையம் இருக்கும், அது இதுதான். மேலோட்டமான கறைன்னா சேண்டிங்லயோ ஆக்ஸாலிக் ஆசிட் போட்டோ எடுத்துடலாம், ஆழமா போயிருந்தா பலகையை மாத்தறதுதான் வழி.

## எதை வெச்சு ஒப்பிடறது

நான் ஆறு விஷயம் பாப்பேன். தேஞ்சா ரிப்பேர் எப்படி, அது முதல்ல. அப்புறம் வேலை நடக்கும்போது வீட்டுல ஆள் இருக்கணுமா, அதாவது வாசனையும் காயற நேரமும். மூணாவது கலர், இன்னிக்கு இருக்கறது மட்டும் இல்லாம பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்ங்கறதும். நாலாவது கீறல், தண்ணி, மஞ்சள், எண்ணெய் இதெல்லாம் எவ்வளவு தாங்கும். அஞ்சாவது போடற ஆளுக்கு எவ்வளவு கைப்பழக்கம் வேணும். கடைசியா காசு. காசைக் கடைசில வெச்சதுக்குக் காரணம் இருக்கு. ஒரு தரையை சேண்ட் பண்ணி ஃபினிஷ் போட ஆகற செலவுல பெரும் பங்கு கூலிதான், டப்பா விலை அதுல சின்னப் பங்கு, அதனால டப்பாவுல நூறு டாலர் மிச்சம் பிடிக்கறதுக்காகப் பத்து வருஷம் வேண்டாத ஃபினிஷோட வாழறது சரியா வராது.

## சீலர் எதுக்கு, எப்ப வேணும்

சீலர்னா தண்ணி புகாம அடைக்கறதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. தண்ணியைத் தடுக்கற வேலை மேல போடற ஃபினிஷோடது. சீலர் பண்றது வேற: மரம் ஃபினிஷை ஒரே மாதிரி இழுக்க வைக்கும், டேனின் மேல வராம பிடிக்கும், கலரை முடிவு பண்ணும், பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஃபினிஷ் இறங்கி ரெண்டையும் ஒட்டிடாம பாத்துக்கும்.

இந்தக் கடைசி விஷயம் கனடா மாதிரி ஊர்ல நிஜமாவே முக்கியம். குளிர் காலத்துல ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக்குள்ள ஈரப்பதம் 25 சதவீதத்துக்குக் கீழ கூட இறங்கும், மரம் சுருங்கும், ஒவ்வொரு பலகைக்கு நடுவுலயும் மயிரிழை இடைவெளி வரும், அது சகஜம். ஆனா வாட்டர் பேஸ்டு ஃபினிஷ் ஓரத்துல இறங்கி அஞ்சாறு பலகையைச் சேத்து ஒட்டிடுச்சுன்னா அந்த அஞ்சாறும் ஒரே பலகை மாதிரி சேந்து சுருங்கி ஒரு இடத்துல மட்டும் பெரிய பிளவா விடும். அதுக்குன்னே செஞ்ச சீலர் போட்டா இந்த ஆபத்து குறையும்.

அதனால ஆயில் பாலிக்கு தனி சீலர் கட்டாயமில்ல, முதல் கோட்டே சீலர் வேலையைச் செஞ்சுடும். வாட்டர் பாலிக்கு அதே கம்பெனியோட சீலர் கண்டிப்பா வாங்குங்க. ஹார்ட்வாக்ஸ் ஆயிலுக்கு சீலர் போடவே கூடாது, ஆயில் மரத்துக்குள்ள இறங்கணும், சீலர் அதைத் தடுத்துடும்.

வாட்டர் சீலர்லயே கலருக்கு ஏத்த மாதிரி வகை இருக்கு. உதாரணமா போனா கம்பெனியில ஆம்பர் சீல் போட்டா ஆயில் பேஸ்டு மாதிரி தேன் கலர் கிடைக்கும், நார்டிக் சீல்ல லேசா வெள்ளை கலந்திருக்கும், அது மரத்தைப் பூச்சே போடாத மரம் மாதிரி வெளிறலா வெச்சிருக்கும். ரெட் ஓக்ல அந்த ரோஸ் கலர் பிடிக்காதவங்க நிறைய பேர் வெள்ளை கலந்த சீலர் பக்கம் போறாங்க, ஆனா போடும்போது நிறுத்தாம ஒரே ஓட்டத்துல போடணும், இல்லன்னா ரோலர் தடம் அப்படியே நிக்கும்.

இன்னொரு சீலர் ஷெல்லாக், நம்ம அரக்குதான். ஜார்க்கண்ட் காடுகள்ல பூச்சி மரக்கிளை மேல உண்டாக்கற அதே அரக்கை ஆல்கஹால்ல கரைச்சு டப்பாவுல விக்கறாங்க. இதுல ஒரு பெரிய நல்லது என்னன்னா கிட்டத்தட்ட எது மேலயும் ஒட்டும், அது மேலயும் எல்லாம் ஒட்டும், அதனால பழைய ஃபினிஷ் என்னன்னே தெரியாத இடத்துல நடுவுல இது ஒரு கோட் கொடுப்பாங்க. ஆனா மெழுகு நீக்கின ஷெல்லாக்கா இருக்கணும், மெழுகு உள்ளதை வாங்கினா மேல போடற பாலி உரிஞ்சு வந்துடும். ஷெல்லாக்கையே கடைசி ஃபினிஷா விட்டா சூடான டம்ளர் வெச்ச இடத்துலயும் தண்ணி நின்ன இடத்துலயும் வெள்ளை வெள்ளையா வட்டம் விழும், அதனால தரைக்கு அடி கோட்டா மட்டும் வெச்சுக்கோங்க.

## ஆயில் பேஸ்டு பாலியூரித்தேன்

ரொம்ப காலமா எல்லாருக்கும் தெரிஞ்ச ஃபினிஷ். கெட்டியான படலம், நல்ல தேன் கலர், விலை எல்லாத்துலயும் கம்மி, போடறதும் மத்ததை விட சுலபம், மெதுவா காயறதால பிரஷ் தடம் எல்லாம் தானா சமமாயிடும். ரெண்டு மூணு கோட் போதும். பழக்கமில்லாதவங்க தாங்களே போடணும்னா மன்னிக்கற குணம் இதுக்குத்தான் அதிகம்.

மறைஞ்சிருக்கற செலவு காயற நேரத்துல இருக்கு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 8லேர்ந்து 24 மணி நேரம், ஈரமான ஜூலை மாசம்னா அதுக்கும் மேல. விஓசிங்கற ஆவியாகற ரசாயனம் வழக்கமா லிட்டருக்கு 350லேர்ந்து 550 கிராம் வரைக்கும் இருக்கும், அந்த வாசனையில குழந்தையோ கர்ப்பிணியோ ஆஸ்துமா உள்ளவங்களோ இருக்க முடியாது, ஒரு வாரமாவது வேற எங்கயாவது தங்கணும், ஜனவரில ஜன்னலைத் திறந்து வெச்சு காத்தோட்டம் கொடுக்கவும் முடியாது. சாமான் வைக்க சில நாள், கம்பளம் விரிக்க ஏறக்குறைய 30 நாள் பொறுக்கணும், அதுக்கு முன்னாடி கம்பளம் போட்டா அடியில இன்னும் இறுகாத படலத்துல அச்சு விழும்.

அப்புறம் கலர். போட்ட அன்னிக்கு இருக்கற தேன் கலர் வருஷம் போகப் போக இன்னும் மஞ்சளாகும், ரெட் ஓக் மேல அது ஆரஞ்சு பக்கம் போகும், வொயிட் ஓக் மேல அழுக்கு மஞ்சளா தெரியும். பழைய மர வேலைப்பாடு, தேக்குச் சாமான் எல்லாம் இருக்கற வீட்டுல அது அழகாவே இருக்கும், வெள்ளைச் சுவரும் சாம்பல் கலர் சோஃபாவுமா வெச்சிருக்கற வீட்டுல உறுத்தும்.

ரிப்பேர் விஷயத்துல இது நடுவாந்தரம். ஒரு இடத்துல மட்டும் ஆழக் கீறினா அங்க மட்டும் தொட்டுப் பூசினா திட்டா தெரியும். ஆனா படலம் முழுசா தேயறதுக்கு முன்னாடியே மேலாப்புல லேசா உரசிட்டு ஒரு கோட் கொடுத்தா மரத்தைத் தொடாமலே தரை புதுசாயிடும், அந்த ஒரு கோட்டுக்காக மறுபடியும் வாசனை, மறுபடியும் வெளிய தங்கறதுங்கறது மட்டும் இருக்கு.

## வாட்டர் பேஸ்டு பாலியூரித்தேன்

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவா பிரிச்சுக்கணும், ஏன்னா "வாட்டர் பேஸ்டு உழைக்காது"ன்னு சொல்றவங்களும் "ஆயிலை விட கெட்டி"ன்னு சொல்றவங்களும் பேசறது ரெண்டு வேற வேற பொருளைப் பத்தி. ஒரே டப்பாவுல வர்றது ஒண்ணு, போடறதுக்கு முன்னாடி ஹார்ட்னர்ங்கற இறுக வைக்கற திரவம் கலக்கற ரெண்டு பாக வகை இன்னொண்ணு. ஸ்வீடன்ல 1919ல ஆரம்பிச்ச போனாவோட டிராஃபிக் எச்டி, ஜெர்மனி லோபாவோட 2கே வகைகள், இதெல்லாம் ரெண்டாவது ரகம். கடை, ஆபீஸ்னு நிறைய ஆள் நடக்கற இடத்துக்கெல்லாம் போடறது இதைத்தான். விலை குறைஞ்ச ஒரு பாக வாட்டர் பாலி நல்ல ஆயில் பாலி அளவுக்கு நிக்காது. ஆனா கொட்டேஷன்ல ரெண்டையுமே "வாட்டர் பேஸ்டு"ன்னு ஒரே வார்த்தைல எழுதிடுவாங்க, அதனால பிராண்டு, பொருளோட முழுப் பேர், எத்தனை கோட், சீலர் எது, இதெல்லாம் எழுத்துல வாங்குங்க. இந்தக் கட்டுரைல ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க.

ரெண்டு பாக வகையில கோட்டுக்கு கோட் ரெண்டு மூணு மணி நேரம்தான், சீலரும் ரெண்டு மூணு கோட்டும் ஒண்ணு ரெண்டு நாள்ல முடிஞ்சிடும், அடுத்த நாள் சாக்ஸ் போட்டு நடக்கலாம், ஒரு வாரத்துல கம்பளம் விரிக்கலாம். வாசனை ரொம்பக் கம்மி, அடுக்குமாடி காண்டோல இருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயம். கலர் தெளிவா இருக்கும், வருஷம் போனாலும் ஃபினிஷ் மஞ்சளாகாது. ஆனா ஓக் மரமே வெளிச்சம் பட்டா நிறம் மாறும், அதை எந்த ஃபினிஷும் முழுசா தடுக்காது, அதனால முதல் சில மாசம் கம்பளத்தை அப்பப்ப இடம் மாத்திப் போடுங்க.

இதுலயும் செலவு ஒளிஞ்சிருக்கு. டப்பா விலை ஆயில் பாலியைப் போல ரெண்டு மூணு மடங்கு. ஹார்ட்னர் கலந்தா நாலு மணி நேரத்துக்குள்ள தீத்தாகணும், மிச்சம் வீண்தான். ஹார்ட்னர்ல ஐசோசயனேட்ங்கற, மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கு, வாசனை இல்லங்கறதுக்காக கையுறை, சரியான மாஸ்க் இல்லாம வேலை செய்யக் கூடாது. தண்ணி பட்டதும் ஓக் நார் எழும்பி சொரசொரப்பாகும், முதல் கோட்டுக்கு அப்புறம் லேசா உரசணும். சீக்கிரம் காயறதால ஈர விளிம்பு காயறதுக்குள்ள அடுத்த இழுப்பு இழுத்தாகணும், பழகாத கைக்கு இது கஷ்டம், ஜன்னல் வெளிச்சத்துல பாத்தா ஒவ்வொரு தடமும் தெரியும். வொயிட் ஓக்ல சரியான சீலர் இல்லன்னா டேனின் மேல வந்து மஞ்சளும் பழுப்புமா திட்டு விடும்.

ஸ்டெயின்ங்கற கலர் ஏத்தற பூச்சு எதுவும் இல்லாம தெளிவான சீலர் போட்டு வாட்டர் பாலி கொடுத்தா சில பேருக்கு "மரத்துல உயிரே இல்லையே"ன்னு தோணும். ஆயில் பாலி ஓக்ல ஒரு ஆழம் காட்டும், அது இதுல கம்மி. ஆம்பர் வகை சீலர் அதைப் பெருமளவு ஈடு கட்டும்.

ரிப்பேர்ல ஆயில் பாலி மாதிரியேதான், ஒரு இடத்தை மட்டும் தொட்டா தெரியும். ஆனா மேல் கோட் கொடுக்கறது ஒரே நாள் வேலை, வீட்டுல இருந்துகிட்டே பண்ணலாம். அதனாலயே ஜனங்க அதைத் தள்ளிப் போடாம செய்யறாங்க, அந்தத் தரையும் மரம் வெளிய வர்ற நிலைக்குப் போகாம தப்பிக்குது. எனக்கு இதுதான் வாட்டர் பாலியோட உண்மையான பலம்.

## ஹார்ட்வாக்ஸ் ஆயில்

பெல்ஜியம் ரூபியோ மோனோகோட், ஜெர்மனி ஆஸ்மோ, இந்த ரெண்டு பேரும்தான் அதிகம் கேள்விப்படறது. மேல படலமா நிக்காம மரத்துக்குள்ள இறங்கற எண்ணெயும் மெழுகும். ஆஸ்மோல சூரியகாந்தி, சோயா எண்ணெயும் கார்னவுபா மெழுகும் இருக்கு, மெல்லிசா ரெண்டு கோட். ரூபியோவோட ரெண்டு பாக ஆயில் ஒரே கோட்தான், தேச்சுட்டு மிச்சத்தைச் சுத்தமா துடைச்சு எடுத்துடணும். ஒரு லிட்டர் 300லேர்ந்து 500 சதுர அடி வரைக்கும் வரும்ங்கறதால டப்பா விலை பயமுறுத்தினாலும் சதுர அடிக்குக் கணக்குப் போட்டா அவ்வளவு மோசமில்ல.

காலுக்குக் கீழ மரமே தெரியற உணர்வு வேற எதுலயும் கிடைக்காது. கீறல் விழுந்தா பளிச்சுனு வெள்ளையா தெரியாது. முக்கியமா ரிப்பேர்: ஒரு பலகை, ஒரு மூலை மட்டும் தேஞ்சா அங்க மட்டும் கையால லேசா உரசி எண்ணெய் தேச்சா சுத்தி இருக்கறதோட கலந்துடும். மரம் மெலிஞ்சு போன பழைய தரை, இனிமே பெரிய மெஷின் போட முடியாத தரை, அதுக்கெல்லாம் இது வரப்பிரசாதம்.

ஆனா இதைப் போட்டவங்க பராமரிப்புக்கு ஒத்துக்கணும். அந்தக் கம்பெனி சோப்புல துடைக்கணும், நடமாட்டத்தைப் பொறுத்து ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிச்சன், வாசல் பகுதிக்கு பராமரிப்பு எண்ணெய் கொடுக்கணும். தண்ணி சிந்தினா துடைச்சா ஒண்ணும் ஆகாது, ராத்திரி முழுக்க நின்னா வட்டம் விழும். மஞ்சளும் சாம்பாரும் அப்படித்தான், உடனே எடுத்தா போயிடும், விட்டா மரம் குடிச்சிடும். பாலில இதெல்லாம் மேலேயே நின்னு துடைச்சா போயிடும்.

போடற வேலையும் லேசு இல்ல. சேண்டிங்ல விட்ட ஒவ்வொரு குறையையும் இந்த எண்ணெய் காட்டிக் கொடுக்கும், படலம் இல்லாததால மறைக்க ஒண்ணும் கிடையாது. சேண்டிங் பேப்பர்ல 100, 120 கிரிட்டோட (நம்பர் கூடினா பேப்பர் நைசு) நிறுத்தணும், வழவழன்னு இருக்கட்டும்னு அதுக்கு மேல போனா துளை அடைஞ்சு எண்ணெய் இறங்காது. துடைக்காம விட்ட எண்ணெய் பிசுபிசுன்னு நிக்கும். பின்னாடி மனசு மாறி பாலி போடணும்னா எண்ணெய் இறங்கின ஆழம் வரைக்கும் மறுபடி சேண்ட் பண்ணணும், நேரா மேல போட முடியாது. பாலிலேர்ந்து இதுக்கு வர்றதுக்கும் அப்படித்தான், பழசை முழுக்க எடுக்கணும்.

எண்ணெய் துணியைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போட்டா அது காயும்போது உண்டாகற சூடு வெளிய போக வழியில்லாம உள்ளேயே ஏறி, நெருப்பே வைக்காம தானா பத்திக்கும். 1991 பிப்ரவரி 23 ராத்திரி ஃபிலடெல்ஃபியால ஒன் மெரிடியன் பிளாசாங்கற 38 மாடிக் கட்டடம் எரிஞ்சது, ஆரம்பிச்சது 22வது மாடியில மர வேலைக்குப் பயன்படுத்தின ஆளி விதை எண்ணெய்த் துணிலேர்ந்து, மூணு தீயணைப்பு வீரர்கள் உயிர் போச்சு. வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு துணியையும் தண்ணி நிரப்பின மூடியுள்ள இரும்பு டப்பாவுல போடுங்க. ஆயில் பாலிக்கும் ஆயில் ஸ்டெயினுக்கும் இதே விதிதான். பழைய ஃபினிஷை சேண்ட் பண்ணின தூள் பையும் பத்திக்கும், ராத்திரி கராஜ்ல விடாதீங்க, வீட்டுக்கு வெளிய தள்ளி வைங்க.

## மத்தது சுருக்கமா

ஸ்வீடிஷ் ஃபினிஷ்னு சொல்ற ஆசிட் க்யூர் வகை அழகா, கெட்டியா இருக்கும், ஆனா காயும்போது ஃபார்மால்டிஹைட்ங்கற கெடுதலான வாயுவை விடும். மாய்ஸ்சர் க்யூர் யூரித்தேன் அதைவிடக் கெட்டி, வாசனையும் ஆபத்தும் அதைவிட மோசம். நல்ல ரெண்டு பாக வாட்டர் பாலி கிடைக்கற காலத்துல குடும்பம் இருக்கற வீட்டுக்கு இந்த ரெண்டையும் நான் சொல்ல மாட்டேன்.

புதுத் தரையே போடறவங்களுக்கு ஃபேக்டரிலயே அலுமினியம் ஆக்ஸைடு ஃபினிஷ் போட்டு வர்ற பலகை இருக்கு. பல வருஷம் உழைக்கும், போட்ட அன்னிக்கே நடக்கலாம். ஆனா அது மேல புது கோட் சுலபத்துல ஒட்டாது, சேண்டிங் பெல்ட்டையும் தின்னுடும், பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கற சின்ன பள்ளத்துல அழுக்கு சேரும்.

## ஒரு பார்வையில

| | ஆயில் பாலி | ரெண்டு பாக வாட்டர் பாலி | ஹார்ட்வாக்ஸ் ஆயில் |
|---|---|---|---|
| சீலர் | கட்டாயமில்ல | கண்டிப்பா வேணும் | போடக் கூடாது |
| கோட் இடைவெளி | 8 – 24 மணி நேரம் | 2 – 3 மணி நேரம் | ஒரே கோட், இல்லன்னா ஒரு ராத்திரி |
| கம்பளம் விரிக்க | சுமார் 30 நாள் | சுமார் 1 வாரம் | 1 – 2 வாரம் |
| வாசனை | ரொம்ப அதிகம் | கம்மி | கம்மி, எண்ணெய் வாசம் |
| கலர் | தேன், போகப் போக மஞ்சள் | தெளிவு, மாறாது | இயற்கை, லேசா இளமஞ்சள் சாயல் |
| ஒரு இடம் மட்டும் ரிப்பேர் | தெரியும் | தெரியும் | தெரியாது |
| பராமரிப்பு | கம்மி | கம்மி | தொடர்ந்து வேணும் |
| நீங்களே போட | சுலபம் | கஷ்டம் | பொறுமை இருந்தா முடியும் |

## எந்த வீட்டுக்கு எது

வீடு வாங்கியாச்சு, குடி போக இன்னும் ஒரு மாசம் இருக்கு, கோடை காலம், பட்ஜெட் டைட், தேன் கலர் பிடிக்கும்னா ஆயில் பாலி போடுங்க, அதுல ஒரு குறையும் இல்ல. வாடகைக்கு விடற வீட்டுக்கும் அது போதும்.

வீட்டுல ஆள் இருக்கு, சின்னப் பசங்க, வயசானவங்க, பெரிய நாய், பனிக்காலத்துல பூட்ஸ்ல உப்பும் கல்லுமா உள்ள வர்றாங்க, சமையல் பலமா நடக்கற கிச்சன் வரைக்கும் அதே ஓக் தரை ஓடுதுன்னா ரெண்டு பாக வாட்டர் பாலிதான். நம்ம வீடுகள்ல பெரும்பாலானதுக்கு நான் சொல்றது இது.

மரம் மெலிஞ்சு போச்சு, அல்லது வொயிட் ஓக் அகலப் பலகை, வீட்டுல ஆள் கம்மி, மேட் லுக் வேணும், வருஷத்துல ஒரு சனிக்கிழமை முட்டி போட்டு எண்ணெய் தேய்க்க மனசு இருக்குன்னா ஹார்ட்வாக்ஸ் ஆயில். "மனசு இருக்கு"ங்கறதை நேர்மையா யோசிங்க, பராமரிக்காத ஹார்ட்வாக்ஸ் தரையை விட பராமரிக்காத பாலி தரை எவ்வளவோ மேல்.

பளபளப்பு விஷயத்துல எல்லா வகைக்கும் ஒரே பதில்: சாட்டின் (லேசான பளபளப்பு), இல்லன்னா மேட் (பளபளப்பே இல்லாதது). பெரும்பாலான நல்ல பிராண்டுல உழைப்புல வித்தியாசம் இருக்காது, ஆனா கண்ணாடி மாதிரி பளபளக்கற கிளாஸ் (gloss) வகை போட்டா ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு தூசியும் ஜன்னல் வெளிச்சத்துல தெரியும்.

எதைப் போட்டாலும் ஊர்ல மொசைக் தரைக்குப் பண்ற மாதிரி பக்கெட்டுல தண்ணி எடுத்து மாப் போடறதை விட்டுடணும். ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்திருந்தா அவங்களுக்கும் அன்பா முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க, அவங்க நல்ல மனசோடதான் பண்ணுவாங்க. ஓக் பலகை இடுக்குல தண்ணி இறங்கினா ஓரம் வீங்கிக் கிண்ணம் மாதிரி வளையும், ஸ்டீம் மாப் இன்னும் மோசம். நல்லா பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணி போதும். பளபளப்பு தர்ற பாலிஷ், மெழுகு, எண்ணெய் சோப்பு எதையும் பாலி மேல போடாதீங்க, அன்னிக்கு அழகா இருக்கும், ஆனா பின்னாடி மேல் கோட் கொடுக்கும்போது ஒட்டாம உரியும், அப்ப முழு சேண்டிங் தவிர வேற வழி கிடையாது. குளிர் காலத்துல ஹ்யூமிடிஃபையர் வெச்சு ஈரப்பதத்தை 35 சதவீதத்துக்குக் கீழ விடாம பாத்துக்கோங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை அதிகம் நடக்கற இடத்துல ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க. முத்து மாதிரி நின்னா நல்லா இருக்கு. சில நிமிஷத்துல மரம் கறுத்துதுன்னா ஃபினிஷ் போயிடுச்சு. ஃபினிஷ் மங்கி, ஆனா தண்ணி இன்னும் நிக்குதே, அந்தக் கட்டத்துலதான் மேல் கோட் கொடுக்கணும், அது முழு சேண்டிங்கை விட ரொம்பக் கம்மி செலவு.

ஆளை வரச் சொன்னதும் துணி அலமாரிக்குள்ள இருக்கற தரையில ரெண்டு மூணு சாம்பிள் போட்டுக் காட்டச் சொல்லுங்க, உங்க வீட்டு மரத்துல, உங்க வீட்டு வெளிச்சத்துல பாக்காம கலரை முடிவு பண்ணாதீங்க. வேலை முடிஞ்சதும் சீலர் பேர், ஃபினிஷ் பேர், சாட்டினா மேட்டா, எந்த மாசம் போட்டது, இதையெல்லாம் ஒரு சீட்டுல எழுதி ஃபர்னஸ் பக்கத்துச் சுவத்துல ஒட்டிடுங்க. அஞ்சாறு வருஷம் கழிச்சு மேல் கோட் கொடுக்க வர்ற ஆள் கேக்கற முதல் கேள்வியே "இது மேல என்ன இருக்கு"ங்கறதுதான், அதுக்கு பதில் தெரிஞ்சா அவர் பெரிய மெஷினை வண்டியிலயே விட்டுட்டு வரலாம்.